ஆடிக்காற்றில் இருநூறு மீட்டர்

ஜூலை 31, வியாழன்: திருச்சி, கரூர், உடுமலை

என் தம்பி மகள், எனக்கு மருமகள் முறை, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாலைப் பந்தயங்களில் கடைசி அரைக் கிலோமீட்டரில் அவளை யாராலும் பிடிக்க முடிவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய நீண்ட தூரத்திலேயே பின்தங்கிவிடுவதால் அந்த வேகத்துக்குப் பயன் இல்லாமல் போகிறது. சரிவான வட்டத் தடத்தில் ஓட்டும் டிராக் சைக்கிளிங்கில், இருவர் மட்டும் மோதும் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரப் பிரிவுக்கு அவளை மாற்றலாமா என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் உடுமலைப் பக்கம் குடிமங்கலத்துக்கு அருகே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆடிப்பெருக்கை ஒட்டிக் கிடைத்த விடுமுறையில் அவளையும் சைக்கிளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கரூர் வரை தொல்லை இல்லை. அங்கிருந்து தாராபுரம் செல்லும் பேருந்தில் சைக்கிளை ஏற்ற நடத்துநர் மறுத்துவிட்டார். அடுத்த வண்டியிலும் அதே பதில்தான். வெயிலில் நின்று அலுத்த பிறகு, இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் போர்வையில் சுற்றி மூட்டையாக்கினோம். கட்டுவதற்குக் கயிறு இல்லாமல் தவித்தபோது, பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஊறவைத்திருந்த வாழைநாரை எடுத்து நீட்டி, "கட்டிக்குங்க, காசெல்லாம் வேண்டாமுங்க" என்றார். மூட்டைக்குச் சுமைக் கட்டணம் கட்டி உடுமலையில் வந்து இறங்கியபோது மாலை ஆகியிருந்தது, முன்சக்கரமும் வளைந்திருந்தது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்காரப் பெரியவர் சக்கரத்தைக் கவையில் மாட்டிச் சுழலவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்கு மயிரிழை தள்ளி அசையாமல் பிடித்துக்கொண்டார். பிதுங்கிய இடத்தில் மட்டும் சாக்பீஸ் உரசி வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பிகளின் நிப்பிளைக் கால் சுற்று முறுக்கி, மறுபடி சுழலவிட்டு, கோட்டைத் துடைத்து, மறுபடி முறுக்கி, சாக்பீஸில் எங்கும் படாமல் சக்கரம் ஓடும்வரை பெண்டு எடுத்தார். பிறகுதான் சைக்கிளை முழுதாகப் பார்த்தார்.

"இதுல பிரேக்கே இல்லீங்களே, எப்படி நிறுத்துவாங்க?"

பிரீவீல் இல்லாத சைக்கிள் இது என்று அவள் விளக்கினாள். பின்சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக நிறுத்திக்கொண்டு உருள முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரியவர் பின்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினார். பெடலும் கூடவே பின்னால் போவதைப் பார்த்து முகம் மலர்ந்து, கடைப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். கூலி ஐம்பது ரூபாய். தேநீரும் அவர் கணக்கில்.

இரவு ஆசிரியை வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும். இரண்டாவது உருண்டையே போதும் என்று கையை மறித்தவளிடம் ஆசிரியையின் மாமியார், "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பந்தயம் ஓட்டுவே?" என்று கேட்டுவிட்டு மூன்றாவதையும் வைத்தார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். பாட்டி அவளுக்கு இரண்டையும் கொடுத்தார். களிக்குப் பின் எள்ளுருண்டை வந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி: வாய்க்கால் சாலை

விடிவதற்குள் எழுப்பிவிட்டார்கள். பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்காலை ஒட்டி வண்டி நடமாட்டம் குறைந்த தார்ச்சாலை ஒன்று நேராகக் கிடக்கிறது. அதில் வாரம் முழுதும் காலையில் ஆசிரியையிடம் சில பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். எல்லாரும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். ஒருத்தியின் தந்தை தேங்காய் உரிக்கும் கூலியாள், இன்னொருத்தியின் தாய் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறவர். பொதுச்சாலை என்பதால் டிராக் சைக்கிள்களிலும் முன்பிரேக் பூட்டச் செய்திருக்கிறார். சாலையின் இரு முனையிலும் சிவப்புத் துணியுடன் ஆள் நிற்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று இந்தப் பருவத்தில் இந்தச் சமவெளியை விடுவதே இல்லை. சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. தென்னைகள் கிழக்கே சாய்ந்தே நிற்கின்றன. பயிற்சிக்கு இது இடையூறு அல்லவா என்று கேட்டேன். ஆசிரியை மறுத்தார். "காத்துதானுங்க இங்கத்த வாத்தியார்" என்றார்.

அதன் பொருள் சற்று நேரத்தில் விளங்கியது. மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒருத்தியின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. முன்னால் போகிறவள் அந்தச் செலவு முழுவதையும் ஏற்க, அவள் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருகிறவள் மறைவில் வலுவைச் சேமித்துக்கொள்கிறாள். அதனால் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் முன்னால் இருப்பது பல நேரங்களில் பாதகம். மேலை நாடுகளில் மூடிய அரங்கில், காற்றே வீசாத மரத் தடத்தில் நடக்கும்போதும் இதுதான் நிலை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் அந்த அரங்குகளை வேண்டுமென்றே வெப்பமாக வைத்திருப்பார்கள். ஆடிக்காற்றை எதிர்த்து ஓட்டும் பிள்ளைக்கு இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தேவையில்லை. முன்னால் வந்தால் நெஞ்சு அடைக்கிறது, பின்னால் ஒதுங்கினால் மூச்சு திரும்புகிறது.

காலைச் சாப்பாடு சந்தகை, தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி. திரும்பும் வழியில் இளநீர் ஐம்பது ரூபாய் என்றார்கள். தோப்புக்கு நடுவே நின்றுகொண்டு இந்த விலையா என்று கேட்டதற்கு, தென்னையில் நோய் விழுந்து காய்ப்பு குறைந்துவிட்டதென்று விற்றவர் சொன்னார். கேட்ட பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.

இரவில் ஆசிரியை பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கின் மகளிர் ஸ்பிரிண்ட் இறுதியைப் போட்டுக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸும் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டனும். மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் ஓட்டத்தில் பெண்டில்டன் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்னதாகக் கோட்டைத் தாண்டினார். ஆனால் கடைசி 200 மீட்டரில் தன் பாதையின் எல்லையான சிவப்புக் கோட்டுக்கு வெளியே வந்ததற்காக அந்த வெற்றி பறிக்கப்பட்டது. இரண்டாவது ஓட்டத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த மியர்ஸ் திடீரென்று கிட்டத்தட்ட நின்றேவிட்டார். பெண்டில்டன் வேறு வழியின்றி முன்னே வர வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஆசிரியை படத்தை நிறுத்தினார். "இப்ப யாரு கை ஓங்கியிருக்குது?" என்று கேட்டார். பிள்ளைகள் பெண்டில்டன் என்றார்கள், அவர்தானே முன்னால் இருக்கிறார் என்று. என் மருமகள் மட்டும் பேசாமல் இருந்தாள். அதுவரை தூணில் சாய்ந்திருந்த பாட்டிதான் பதில் சொன்னார்: "பின்னால நிக்கிறவதான். சேவக்கட்டுல பாக்கறதில்லியா? ரெண்டும் தலையைத் தாழ்த்திக்கிட்டு ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே சுத்தும். மொதல்ல பதறுனது தோக்கும்." படம் மறுபடி ஓடியது. கடைசி நேர்ப்பாதையில் மியர்ஸ் தாண்டிச் சென்று தங்கத்தை எடுத்தார். பாட்டி அதற்குள் எழுந்து பாயை விரிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, சனி: இருவர் இருவராக

இன்று ஜோடிப் பந்தயம். உலகப் போட்டிகளில் 250 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று. குலுக்கலில் முன்னிடம் பெற்றவர் தொடக்கத்தில் நடை வேகத்துக்குக் குறையாமல் முன்னே போயாக வேண்டும். அதன்பின் சைக்கிளை அசையாமல் நிறுத்திச் சமாளிக்கலாம். அதற்கு முப்பது விநாடி வரைதான் அனுமதி. இங்கே வளைவே இல்லாத சாலையில் ஆசிரியை சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, வெளிக்கோட்டைத் தொடாமல் ஓட்டச் சொல்கிறார்.

மரத்தடத்தின் வளைவுகள் நாற்பது பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். மேல்விளிம்புவரை ஏறிச் சென்று, எதிராளி தலையைத் திருப்பும் நொடியில் சரிவில் பாய்ந்து இறங்கி, உயரத்தை வேகமாக மாற்றுவதில்தான் ஸ்பிரிண்ட்டின் பாதி வித்தை இருக்கிறது. அதை இங்கே கற்றுத்தர இயலாது. வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தைப் பயன்படுத்தி அதில் ஒரு சிறு பகுதியையாவது பழக்குகிறார். பாலத்து உச்சியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, பின்னால் இருப்பவள் பாயும்போது முன்னவள் உணர வேண்டும். அத்தனை அக்கறையையும் உழைப்பையும் ஒரு பாலத்தின் சரிவில் கொட்டிக்கொண்டிருக்கும் இவரைப் பார்க்கையில் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழக வளாகத்தில் தடம் இருக்கிறது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தடம் இருக்கிறது. குடிமங்கலத்துப் பிள்ளைக்கு இரண்டுமே தொலைவு. கோவையிலோ திருப்பூரிலோ சரிவுள்ள ஒரு சிமெண்டுத் தடமாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

என் மருமகள் முதல் ஜோடியில் தோற்றாள், அடுத்ததிலும் தோற்றாள். இரண்டிலும் அவள்தான் வலுவானவள். ஆனால் பின்னால் இருக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. இடைவெளி தெரிந்தவுடன் பாய்ந்து முன்னே போய், எதிர்க்காற்றில் காலை எரித்துக்கொண்டு, கோட்டுக்குச் சற்று முன்னால் பிடிபட்டாள். பனியன் கம்பெனிக்குப் போகிறவரின் மகள் ஒல்லியான பெண், இவளை விட வேகம் குறைந்தவள். தோளுக்கு மேல் வலமும் இடமும் பார்த்தபடி அமைதியாகப் பின்னால் உட்கார்ந்திருந்து இரண்டையும் வென்றாள். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "உன்ற காலு நல்லா இருக்குது அம்மணி. கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார்.

பிற்பகல் தம்பி தொலைபேசியில் அழைத்தான். அவன் கவலை தோல்வியைப் பற்றியதல்ல. ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகலைப் பற்றி எங்கோ படித்திருக்கிறான். 2016 ரியோ இறுதியில் கோட்டைத் தாண்டும் தருணத்தில் இருக்கையே கழன்று விழுந்தும் தங்கம் வென்றவர். 2018 ஜூனில் காட்பஸ் நகரில் பயிற்சியின்போது இன்னொரு வீரர்மேல் மோதி, மார்புக்குக் கீழே உணர்வு இழந்தவர். இதை நான் மறைத்துப் பேசவில்லை. மறைப்பது நியாயமும் இல்லை. மியர்ஸும் 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் விழுந்து கழுத்தெலும்பில் முறிவு கண்டு, ஏழு மாதத்தில் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "பிரேக் போட்டுத்தானே ஓட்டுறா?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு: ஆடிப் பதினெட்டு, ரேக்ளா

ஊரே கட்டுச்சோற்றுடன் கிளம்பிவிட்டது. திருமூர்த்தி மலைக்கும் அமராவதி ஆற்றுக்கும் போகும் வண்டிகளில் வாய்க்கால் சாலையும் நிறைந்ததால் பயிற்சி இல்லை. எங்களைப் பூளவாடிப் பக்கம் ஒரு ரேக்ளாப் பந்தயத்துக்கு அழைத்துப் போனார்கள். தூறலும் வெயிலும் மாறி மாறி வந்தன.

கொங்கு நாட்டு ரேக்ளாவை நான் முதன்முறையாகப் பார்க்கிறேன். காங்கேயம் காளைகள் பூட்டிய சிறு வண்டிகள் கூட்டமாக ஓடும் என்று எண்ணியிருந்தேன். இங்கே வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் விடப்படுகின்றன. 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவு. மின்னணுக் கருவியில் விநாடியின் சிறு பங்குவரை நேரம் எடுக்கிறார்கள். குறைந்த நேரத்துக்குத் தங்க நாணயம். மகளிர் ஸ்பிரிண்ட்டின் தகுதிச் சுற்றும் இதே 200 மீட்டர்தான், தனியாக, கடிகாரத்தை எதிர்த்து. முன்கூட்டியே வேகம் எடுத்துக்கொண்டு வந்து, கோட்டைத் தொட்டது முதல் நேரம் கணக்காகும். என் மருமகள் காளைகளைவிடக் கருவியைத்தான் கண்கொட்டாமல் பார்த்தாள்.

பந்தயக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் விவரம் கேட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் ஜெர்மனியின் லியா ஃபிரீட்ரிஷ் 10.029 விநாடியில் 200 மீட்டரைக் கடந்து உலக சாதனை படைத்தார் என்றேன். மணிக்குக் கிட்டத்தட்ட 72 கிலோமீட்டர்.

"அப்ப அந்தப் புள்ளைக்குத் தங்கம்?"

இல்லை என்றேன். தகுதி நேரம் யாருக்கு யார் எதிராளி என்பதை மட்டும்தான் முடிவு செய்யும். வேகமானவருக்கு மெதுவானவர் எதிராளியாக வருவார். இறுதியில் அதே ஃபிரீட்ரிஷை வென்று தங்கம் எடுத்தவர் நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸ். பெரியவருக்கு இது அநியாயமாகப் பட்டது. நேரத்தில் முந்தினவருக்குப் பரிசு இல்லை என்றால் நேரம் எதற்கு எடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடமும் கேட்டார். நான் விளக்க முயன்றபோது அவள் குறுக்கிட்டு, "தாத்தா, தனியா வேகமா ஓட்டுறது வேற. பக்கத்துல ஒருத்தி நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்போது ஓட்டுறது வேற" என்றாள். முந்தைய நாள் தோல்வியிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மாலையில் காளைகள் எல்லாம் போன பிறகு, பெரியவரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் சாலைக்கு வந்துவிட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. ஆறு மணிக்குச் சாலை ஓய்ந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓட்டினார்கள். என் மருமகளுக்குக் காற்றோடு போகையில் 12.9, எதிர்த்து வருகையில் 15.2. முதல் எண்ணைப் பார்த்துத் துள்ளியவளிடம் ஆசிரியை, அதில் பாதி காற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று சொல்லி இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பெரியவர் எல்லாப் பிள்ளைக்கும் கையில் ஆளுக்கு இருபது ரூபாய் வைத்தார். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார் என்று ஆசிரியை கண்ணைக் காட்டினார்.

இரவு அரிசிம்பருப்புச் சாதம், மேலே வீட்டு நெய். ஆடிப்பெருக்குக்குச் செய்த புளிச்சாதமும் மிச்சமிருந்தது. சாப்பிடும்போது ஒரு பெண் கேட்டாள்: இந்தப் பந்தயத்தில் நம்மவர்கள் யாரும் இல்லையா? அந்தமானின் டெபோரா ஹெரால்டைப் பற்றிச் சொன்னோம். 2004 சுனாமியில் சிறுமியாக ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தவர்; பின்னர் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் 500 மீட்டர் டைம் ட்ரையலில் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம்வரை உயர்ந்தார். ஹாங்காங்கின் லீ வாய் ஸீயைப் பற்றியும் பேச்சு வந்தது. தன் ஊரில் உள்ளரங்கத் தடம் திறப்பதற்கு முன்பே 2012-ல், மோட்டார் வண்டியின் பின்னால் பலர் சேர்ந்து ஓட்டத் தொடங்கும் கெய்ரின் பிரிவில் வெண்கலம் வென்றவர் அவர், 2019-ல் ஸ்பிரிண்ட்டில் உலக வாகையர். கனடாவின் கெல்சி மிட்சல் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். திறன் தேடும் முகாம் ஒன்றில் 2017-ல் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த ஒலிம்பிக்கிலேயே தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896 முதலே ஸ்பிரிண்ட் உண்டு, பெண்களுக்கு 1988 சியோலில்தான் இடம் கிடைத்தது என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. "எங்கம்மா பொறந்தே அப்பத்தானே" என்றாள் ஒருத்தி. சியோலில் வென்ற எரிகா சலுமாயே அப்போது சோவியத் வீராங்கனை. 1992 பார்சிலோனாவில் மீண்டும் வென்றபோது விடுதலை பெற்ற எஸ்தோனியாவின் வீராங்கனை. அவருக்காக ஏற்றிய அந்நாட்டுக் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டார்கள். அதைக் கேட்டுப் பாட்டிக்கு வந்த கோபத்தை ஆற்ற நேரமாயிற்று.

ஆகஸ்ட் 4, திங்கள்: உடுமலை, திருச்சி

காலையில் ஒரே ஒரு ஜோடிப் பந்தயம், அதே ஒல்லிப் பெண்ணோடு. இம்முறை என் மருமகள் பாலத்து உச்சியில் சைக்கிளை ஏறத்தாழ நிறுத்தினாள். கைப்பிடி நடுங்கியது, கால் பெடலில் முன்னும் பின்னும் தடுமாறியது, இருந்தும் முன்னே போகவில்லை. மற்றவள் சலித்து முன்னேறினாள். கடைசி ஐம்பது மீட்டரில் என் மருமகள் மறைவிலிருந்து வெளியே வந்து, அரைச் சக்கர அளவில் வென்றாள். தோற்றவள்தான் முதலில் கைதட்டினாள்.

ஆசிரியை என்னைத் தனியே அழைத்துத் தன் கருத்தைச் சொன்னார். பெண்ணுக்கு ஸ்பிரிண்ட் வரும். ஆனால் உடம்பு ஏற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் எடைப்பயிற்சி, அதுவும் தெரிந்தவர் மேற்பார்வையில். முட்டையும் பருப்பும் குறையக்கூடாது. உலக வீராங்கனைகள் பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் அறுபதையும் தாண்டிப் பல் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இவள் பெரிய கியரைக் கேட்பாள், இந்த ஆண்டு கொடுக்கக்கூடாது. டிசம்பர் விடுமுறையில் மேலக்கோட்டையூர்த் தடத்தில் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியே அழைத்துப் போவதில் பயன் இல்லை, போட்டி போட ஒருத்தி கூட வேண்டும்.

பேருந்தில் இம்முறை நாங்களே முன்னதாகச் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிவிட்டோம். தடை சொல்ல யாருக்கும் வாய்ப்பு வைக்கவில்லை. தாராபுரத்தில் இறங்கி மதியச் சாப்பாடு, அளவு சாப்பாடு எண்பது ரூபாய், கேட்காமலே இரண்டாம் முறை பொரியல் வைத்தார்கள். அங்கிருந்து தம்பிக்கு அழைத்து ஆசிரியை சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எடைப்பயிற்சிக்கு அவன் உடனே சம்மதித்தான். சென்னைக்கு அனுப்புவதற்கு, தடத்தில் முதல் நாள் தானும் உடனிருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை வைத்தான். ஒல்லிப் பெண்ணின் தாயும் தேங்காய் உரிப்பவரும் தங்கள் பிள்ளைகளை அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய செலவை நாங்கள் ஏற்பதென்றும் பேசியிருக்கிறோம். சைக்கிள்களைப் பேருந்தில் ஏற்றி இனி அலைக்கழிய வேண்டாம் என்று ஒரு வேன் பிடிக்கப் போகிறோம். வாடகை விசாரிப்பது என் பொறுப்பு.